மங்கலாக்கும் மங்கலம்

“மாமா, கொஞ்சம் அசையாம இருங்க, காதை வெட்டிடப் போறேன்” என்று கணினித் திரையில் இருக்கும் வழுக்கைத்தலைக்காரரிடம் சொல்லிக்கொண்டே, அவர் காதோரமாக மவுசை நகர்த்துகிறாள் மங்கலம். காது தப்பியது. அடுத்தது தாடி. அங்கே பேச்சு நின்றுவிடும். தாடி, சுருட்டை முடி, கம்பளிச் சட்டை மூன்றும் அவளுக்கு ஜென்ம விரோதிகள். ஓரத்தில் ஒரு முடி விட்டுப்போனாலும், ஆளை யாரோ கத்தரித்து ஒட்டியது போலாகிவிடும்.

மங்கலம் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. படத்தில் ஆளை மட்டும் பளிச்சென்று விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்குகிறவள் என்பதால், ஸ்டுடியோ வைத்திருக்கும் கணவர் வேடிக்கையாக வைத்தது. தெருவுக்கும் அதுவே பழகிவிட்டது. முன்னறையில் அவர் படம் எடுப்பார். தட்டிக்குப் பின்னால், நாற்காலியைத் தள்ளினால் சுவரில் முட்டும் இடத்தில், இவள்.

தூரத்தில் இருப்பதை அதிகமாகவும் கிட்டத்தில் இருப்பதைக் குறைவாகவும் மங்கவைப்பாள். காலடித் தரையைத் தொடவே மாட்டாள். “அதையும் மங்கவிட்டா மனுஷன் ஆவி மாதிரி மிதப்பார்” என்பாள். ஆனால் எந்தப் படத்திலும் கை வைப்பதற்கு முன், பெரிதாக்கி ஒரு சுற்றுப் பார்த்துவிடுவாள். எந்த வீட்டுச் சன்னலில் புதுத் திரைச்சீலை, எந்த மாடியில் யாரோடு யார் நின்று பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. “மங்கலாக்கணும்னா மொதல்ல நல்லாப் பாக்கணும் இல்லையா?” என்று அதற்கு ஒரு நியாயமும் உண்டு. அப்படித்தான் ஒருமுறை, தையற்காரர் தன் வீட்டு வாசலில் எடுத்துக்கொண்ட படத்தில், ஸ்டுடியோவில் காணாமல்போன தன் பச்சைக் குடை சுவரில் சாய்ந்திருப்பதைக் கண்டாள். கதவு, சன்னல், பூந்தொட்டி எல்லாவற்றையும் கரைத்துவிட்டுக் குடையை மட்டும் பளிச்சென்று விட்டாள். படத்தை வாங்கிப்போன தையற்காரர், மழையே இல்லாத அந்தச் சாயங்காலம் குடையோடு வந்து நின்றார்.

அவளுக்கு மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். படத்தைப் பார்த்து யாராவது வாயைப் பிளந்தால், கணவர் கேமராவைத் தட்டிக்கொடுத்து, “எல்லாம் லென்ஸ் செய்யற வேலைங்க” என்பார். இது இவள் வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டதற்கு, லென்ஸ் என்றால்தான் மரியாதை என்று மழுப்பினார். அந்த வாரமே அவருடைய பிறந்தநாள் படத்தில் அவரை மங்கலாக்கி, பின்னால் நின்ற பீரோவைப் பளிச்சென்று ஆக்கி, முன்னறையில் மாட்டிவிட்டாள். இன்னும் தொங்குகிறது.

அந்த லென்ஸ் போன மாதம் அவரை வசமாக மாட்டிவிட்டது. வியாபாரிகள் சங்கத் தேர்தலுக்கு நிற்கும் மருந்துக்கடைக்காரர், அந்த லென்ஸிலேயே எடுக்கவேண்டும் என்று கொல்லைப்புற வெளிச்சத்தில் வந்து விறைத்து நின்றார். எடுத்த கையோடு காட்டச் சொன்னார். கேமராவின் சின்னத் திரையில், அவருடைய வலது தோளுக்கு மேல் பக்கத்து வீட்டுக் கொடியும், அதில் காயும் உள்பனியன்களும் ஓட்டை கிழிசலோடு தெளிவாகத் தெரிந்தன.

“எங்க மங்கியிருக்கு?” என்றார்.

மருந்துக்கடையில் ஒரு பேச்சு விழுந்தால் ஊர் முழுக்கப் போய்விடும். கணவர் மெல்லக் கொல்லை வாசல் பக்கம் திரும்பினார்.

அங்கே மங்கலம் சுவரில் சாய்ந்துகொண்டு அவர் முழியை ஆசைதீரப் பார்த்தாள். கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் இருந்தது. பிறகு, பத்தியம் சொல்லும் வைத்தியரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இந்த லென்ஸ் உடனே மங்காதுங்கண்ணா. ஊறணும். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

மருந்துக்கடைக்காரர் டீக்கடைக்குக் கிளம்பினார். ஊறவேண்டியது ஊறித்தானே ஆகவேண்டும். அவர் திரும்பி வந்தபோது, அச்சிட்ட படத்தில் உள்பனியன்கள் வெண்மேகங்களாகியிருந்தன. அவற்றின் முன்னால், இப்போதே ஜெயித்துவிட்ட களையோடு அவர். கிட்டே பிடித்தும் எட்டப் பிடித்தும் ரசித்தவர், “அந்த லென்ஸை ஒரு தடவை கண்ணுல காட்டுங்களேன்” என்றார்.

கணவரின் கை கேமராவை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. பிறகு, மனைவியின் மூக்கில் சரிந்திருந்த கண்ணாடியை மெல்லக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மருந்துக்கடைக்காரரின் உள்ளங்கையில் வைத்தார்.