பெல்சி விட்டு வந்த தெர்மாமீட்டர்

கண்டரமாணிக்கத்து ஞானசேகர் வாத்தியார் மகள் பெல்சி, தொண்ணூற்று நாலில் காரைக்குடியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் நிம்மதி போயிற்று. காலையில் இட்லி இறங்காது. வார்டு சிஸ்டர் வியாகுலம்மாள் பின்னால் வந்து நின்றாலே தெரிந்ததும் மறந்துபோகும்.

அன்று பகல் டியூட்டி முடிந்து, விடுதியில் சோற்றில் கை வைத்தபோது சுருக்கென்றது. டைபாய்டில் கிடந்த ஆசியா பீவியின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தாளே, எடுத்தாளா?

“எடுத்திருப்ப. சாப்புடு” என்றாள் கூடப் படிக்கும் வின்சி.

“எடுத்த மாதிரி ஞாபகமே இல்லடி. அந்தம்மா பொரண்டு படுத்தா ஒடைஞ்சு குத்திரும்.”

கையை உதறிவிட்டு வெயிலில் ஓடினாள். ரத்தம் தோய்ந்த போர்வை வழியெல்லாம் கண்முன் வந்தது. எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஊருக்கே போய்விடலாமா என்றுகூட இருந்தது. கால் நிற்கவில்லை.

வார்டில் கட்டில் காலியாக இருந்தது. பெல்சி போர்வையை விலக்கித் தேடினாள்.

“மூஞ்சி கழுவ அங்குட்டுப் போனாக” என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஆசியா பீவி. மடியில், பஞ்சில் சுற்றிய தெர்மாமீட்டர்.

“இதத் தேடியா ஆத்தா இப்புடி ஓடியார? ஒடைஞ்சா ஒன்னையத்தானே வைவாகன்னு நானே எடுத்து வச்சேன்.”

அந்நேரம் பார்த்து வியாகுலம்மாள் வந்துவிட்டார். “டியூட்டி முடிஞ்சு இங்க என்ன வேலை?”

“நாந்தான் சிஸ்டர், இன்னொரு தரம் காய்ச்சல் பாருன்னு கூப்புட்டேன்” என்றார் ஆசியா பீவி.

தலையாட்டினால் போதும். பெல்சியால் முடியவில்லை. “இல்ல சிஸ்டர். நான்தான் எடுக்க மறந்துட்டேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அழுகையோடு அதுவும் சேர்ந்து வந்துவிட்டது: “நீங்க பின்னால நின்னீகன்னா எனக்கு எல்லாமே மறந்துருது.”

சிஸ்டர் முகம் இறுகியது. “நான் நிக்காட்டி வேற யாரு பாக்குறது?” என்றவர், தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் பின்னால் நிற்கவில்லை. கட்டிலுக்கு எதிரே நின்றார். அது இன்னும் பயமாக இருந்தது. ஆனாலும், அடுத்து என்ன என்று பெல்சி நிமிர்ந்தபோதெல்லாம் அவர் லேசாகத் தலையசைத்தார்.

படிப்பை முடித்து, தேவகோட்டையில் வேலைக்குப் போனாள் பெல்சி. அங்கேயும் டியூட்டி முடிந்து வாசல்வரை வந்தவள், திரும்பிப் போய்க் கட்டில் கட்டிலாக ஒருமுறை பார்த்துவிட்டு வருவாள். கூட வேலை பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவள் வரும்வரை நின்று கூட்டிப்போகப் பழகிக்கொண்டார்கள்.