இரண்டு டாக்டர்களும் ஒரு குன்றிமணியும்

எங்கள் சொந்தத்தில் முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கியவர் என் தாய்மாமன். சில மாதங்கள் ஊரில் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கையில் தங்க முத்திரை பதித்த ஒரு காகிதமும், வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள் நிறைந்த மருந்துப் பெட்டியும் இருந்தன. கல்கத்தாவில் படித்ததாகச் சொன்னார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்கள் பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் கல்கத்தா என்றால் சீமைக்கு அடுத்த வாசல். அதற்குமேல் யாரும் துருவவில்லை. உருண்டைகள் இனிப்பாக இருந்ததால் எனக்கு அடிக்கடி வியாதி வந்தது. அப்பாவும் முறை சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, மச்சினனை வாய் நிறைய "டாக்டரு" என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் மாமன் ஒற்றைக்காலில் நின்றார். டாக்டர் மாப்பிள்ளைதான் வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சம்மதிக்காமல் தட்டு மாற்ற முடியாது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர், ஆலை வைத்துக் கரும்பு ஆட்டியவர் என்று வந்த நல்ல இடங்களையெல்லாம் தட்டிக் கழித்தார். கடைசியில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டாக்டர் அகப்பட்டார். இதுவும் தட்டிப்போனால் இனி இந்தப் பெண்ணை யார் வந்து பார்ப்பார்கள் என்று அம்மா அழாத நாளில்லை.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, வந்ததும் ஒரு மரியாதை தோன்றட்டும் என்று அப்பா மாமனுடைய பட்டத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு வாங்கி வந்து எங்கள் கூடத்தில் மாட்டி, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் சளைத்தவர்களா? தேங்காய் பழத் தட்டிலேயே அவருடைய பட்டத்தையும் வைத்து எடுத்து வந்தார்கள். அதே தங்க முத்திரை. அதே இரட்டைச் சிங்கம்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரே காலேஜுங்களா!" என்று அப்பா பூரித்துப்போனார். மாமனும் மாப்பிள்ளையும் மட்டும் பூரிக்கவில்லை.

"காலேஜு எவ்வளவு பெருசுங்க?" என்று அப்பா ஆசையாகக் கேட்டார்.

"மூணு மாடிங்க" என்று மாமன் சொன்ன அதே நேரத்தில், "ரெண்டுங்க" என்றார் மாப்பிள்ளை. உடனே சமாளித்துக்கொண்டு, "நான் இருக்கறப்ப மூணாவது கட்டிக்கிட்டு இருந்தாங்க" என்றார்.

"ஆமாங்க, வாசல்லயே செங்கல் கெடந்துச்சு" என்று மாமன் நன்றியோடு கைகொடுத்தார். இருவருக்கும் வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்த அம்மா, விசிறி எடுத்துவர என்னை உள்ளே அனுப்பினாள்.

விசிறி இருந்த அறையில் அக்கா சிவப்புக்கல் மூக்குத்தியோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இன்னும் மூக்குக் குத்தவில்லை. பொறாமை தாங்கவில்லை. பல்லாங்குழிக்கு வைத்திருந்த குன்றிமணி ஒன்றை எடுத்து மூக்கின்மேல் ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. கொஞ்சம் உள்ளே வைத்தால் நிற்கும் என்று தோன்றியது. நின்றது. திரும்பத்தான் வரவில்லை.

என் கூச்சல் கேட்டு அம்மா ஓடிவந்தாள். இரண்டு டாக்டர் இருக்கிற வீட்டில் என்ன பயம் என்று அப்பா சிரித்தபடியே என்னைத் தூக்கி அவர்கள் நடுவில் உட்கார வைத்தார்.

"மாப்ளயே பாக்கட்டுமுங்க."

"பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் பாக்கறதுங்களா?"

பந்தியில் முதல் இலைக்கு உபசாரம் செய்வதுபோல் இருவரும் மாறி மாறி என்னை ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். "ஐயோ சாமி, குன்றிமணி வெசமாச்சே!" என்று அம்மா அலறியதும், மாமன் எழுந்து அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். ஊசி என் மூக்குக்கு அருகில் வந்தபோது மாப்பிள்ளை சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. குத்தினா இன்னும் உள்ள போயிரும்."

"அப்ப நீங்களே எடுத்துருங்க" என்றார் அப்பா.

மாப்பிள்ளை தட்டிலிருந்த பட்டத்தைப் பார்த்தார். கதவோரம் வந்து நின்ற அக்காவைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க. நான் கல்கத்தாவ கண்ணுல கண்டதில்லீங்க. பணங் கட்டினேன், பட்டம் தபால்ல வந்துச்சு. பேசிக்கிட்டு நிக்காம வண்டியப் பூட்டுங்க, பாப்பாவ நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம்."

அவரே போய் மாட்டைப் பூட்டி, வண்டியோட்ட உட்கார்ந்தார். அக்கா பட்டுச்சேலையோடு ஏறி என்னை மடியில் வைத்துக்கொண்டாள். பார்க்க வந்தவனோடு பெண்ணை அனுப்புவதா என்று அப்பாவுக்கு உறைத்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. அவசரமாக மாமனைத் துணைக்கு ஏற்றிவிட்டார்.

வண்டி ஊரைத் தாண்டியது. மாமன் மெல்ல, "என்னயப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்களே, மாப்ள?" என்றார்.

"உங்களப் பத்தி என்னைய யாருங்க கேட்டாங்க?"

மாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மூக்குப்பொடி டப்பியைத் திறந்தார். எதிர்க்காற்றில் பொடி முழுவதும் என் முகத்தில் வந்து விழுந்தது. நான் போட்ட தும்மலில் குன்றிமணி பறந்துபோய் மாப்பிள்ளையின் பிடரியில் பட்டது. வண்டோ என்னவோ என்று அவர் துள்ளியதைப் பார்த்து அக்கா சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல் சிரித்தாள். மாமன் தம் வாழ்நாளில் குணப்படுத்திய ஒரே நோயாளி நான்தான்.

நாமக்கல் வழியில் முதலில் வரும் பரமத்திகூட இன்னும் வரவில்லை. "வண்டியத் திருப்பட்டுங்களா?" என்று மாப்பிள்ளை திரும்பாமலே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "எதுக்கும் ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டிப்புட்டே போலாமுங்க" என்றாள். மாமன் அக்காவையும் மாப்பிள்ளையையும் பார்த்தார். அடுத்த நிமிடம் குறட்டைவிட்டுத் தூங்கிப்போனார். நாமக்கல் வரைக்கும் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்குப் பசிதான் எடுத்தது.

பொழுது சாய வீடு திரும்பினோம். அப்பா இரண்டு பட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்தான். ஒரே அச்சில் வந்தவை என்று தெரிந்துகொள்ள எழுத்து எதற்கு?

"தாய்மாமன் நீங்க சொல்லோணும், மச்சான்" என்றார். "டாக்டரு" போய்விட்டது.

மாமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காயிதம் ரெண்டும் ஒண்ணுதானுங்க, மச்சான். ஆளு அவரு தேவலைங்க. தட்ட மாத்துங்க."

அப்பா அவரையும் காகிதங்களையும் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா அழுதுகொண்டே தட்டை எடுத்து வந்தாள். பிற்பாடு இரண்டு டாக்டர்களும் செவ்வாய்ப்பேட்டையில் கூட்டாக மளிகைக்கடை வைத்தார்கள். கல்யாணப் போட்டோ மாமனுடைய கண்ணாடிச் சட்டத்துக்குள்தான் போனது.

அன்று இரவு தட்டு மாற்றி முடித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அப்பா என்னை இழுத்து மடியில் வைத்து, "சாமி, நாமக்கல் டாக்டரு மணிய எப்படி எடுத்தாரு?" என்று கேட்டார்.

"அவரு எங்க எடுத்தாரு? அது பரமத்திக்கு முன்னாலயே வந்துருச்சு" என்றேன்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். மாப்பிள்ளை இலையைவிட்டு நிமிரவில்லை. பிறகு எழுந்த சிரிப்பில் தொழுவத்து மாடுகூட எழுந்து நின்றது. மணி வந்த பிறகும் நாங்கள் எதற்காக அத்தனை தூரம் போய்வந்தோம், அதில் இப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று, கல்யாணம் முடிந்து அவர்கள் சேலம் போகும் வரை நான் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.