எந்த கியர்ல இறங்கணும்?

இதைப் படித்துவிட்டு, "தூக்கக் கலக்கமாக இருக்கும்" என்று சொல்ல நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அன்று மாலை நான் தூங்கவில்லை. மாத்திரை எதுவும் போட்டிருக்கவில்லை. வண்டி கிளம்பியது 5.48க்கு. மலை உச்சியைத் தொட்டது 6.31க்கு. அடிவாரம் வந்தது 7.06க்கு. நடுவில் இருக்கும் அந்த முப்பத்தைந்து நிமிடத்தைத்தான் சொல்லப்போகிறேன். நடந்தது நடந்தபடி.

பதினான்கு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டியவள் நான். ஒருநாள் தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் போய் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கினேன். "உனக்கென்ன கிறுக்கா?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. என் மாமியார் மட்டும், "ஓட்டட்டுமே, வீட்ல எல்லாரையும் அவதானே ஓட்டுறா" என்றார்.

உரிமம் வந்தது. வேலை வரவில்லை. ஏழு கம்பெனி ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே பாட்டு: இரண்டு வருட அனுபவம் இருக்கிறதா? ஓர் இடத்தில் என் விண்ணப்பத்தைப் புரட்டியவர், "அனுபவமே இல்லாம எப்படிம்மா வந்தீங்க?" என்றார். "பஸ்லதான் சார்" என்றேன். சிரித்தார். வேலை மட்டும் தரவில்லை.

எட்டாவது கம்பெனி எடுத்துக்கொண்டது. புதிதாக வருபவர்களுக்குப் பத்து நாள் பயிற்சி, அனுபவமுள்ள டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத் தருவார் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு நாள். அதுவும் லாரி நிறுத்தும் திடலில், நானே கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து பின்னால் எடுத்துப் பழகியதுதான். கற்றுத் தர வேண்டியவர் ஏதோ லோடு எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தார்.

மூன்றாம் நாள் மாலை, மேனேஜர் ஏழாம் நம்பர் வண்டியின் சாவியை மேசைமேல் தள்ளினார். மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய டைல்ஸ் லோடு.

"பத்து நாள் பக்கத்துல ஆள் வரும்னு சொன்னீங்களே சார்?"

"அதெல்லாம் பேப்பர்ல வந்துரும். திரும்பி வந்து ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

"மலை எனக்குப் புதுசு சார்."

"பயமா இருந்தா சொல்லுங்க. வேற ஆள் பாத்துக்கறேன்."

சுருக்கென்றது. சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கிளம்பும்போது கம்பெனி மெக்கானிக் வண்டிக்குள் ஏறினார். அதிகம் பேசாத மனிதர். என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அதற்கு பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"ஆளே இல்லாத சீட்டுக்கு எதுக்குண்ணே பெல்ட்?"

"மாட்டலைன்னா பீப் பீப்னு கத்தும்மா."

"ஆள் இல்லாமயா?"

"ஆமா." அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

6.31. உச்சி. பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. பதினான்கு கிலோமீட்டர் இறக்கம், ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். வண்டியை ஓரம் கட்டினேன். பிரேக்குக்கான காற்று அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மலை இறக்கத்துக்கென்று பயிற்சிப் பள்ளியில் நடந்தது ஒரே ஒரு வகுப்பு. அதில் சொன்னதை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாவது கியரைப் போட்டு மெதுவாக இறங்கினேன்.

6.34. பீப்... பீப்... பீப்...

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து சீட் பெல்ட் கழன்று தொங்கியது. எட்டி மாட்டினேன். டக்.

முதல் வளைவு தாண்டியதும் மறுபடி, டக். என் கண் எதிரிலேயே கழன்றது. பீப்... பீப்...

"கத்து. எனக்கென்ன" என்று சாலையைப் பார்த்தேன்.

இரண்டாவது வளைவில் கருகல் வாடை அடித்தது. பிரேக் சூடேறிக் காய்ந்தால் வரும் வாடை. ஆனால் என் கால் பிரேக்கில் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். சக்கரங்களில் புகை இல்லை.

6.43. மூன்றாவது வளைவு.

தப்... தப்... தப்...

பக்கத்து சீட்டுக்கு முன்னால், தரையிலிருந்து வந்தது. காரில் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார்களே, அந்தச் சத்தம். அங்கே விரித்திருந்த ரப்பர் பாய் அமுங்கி அமுங்கி எழுந்தது.

அந்தப் பக்கக் கண்ணாடியில், உள்பக்கமாக, ஒரு சின்ன வட்டம் ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது. மறைந்தது.

மூச்சு...

வேகமாக. மிக வேகமாக.

கியர்மேல் இருந்த என் கையின்மேல் ஏதோ அமர்ந்தது. ஐஸ் மாதிரி. கியரைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தது. கியர் நழுவினால் இத்தனை டன் டைல்ஸும் நானும் நேராகப் பள்ளத்தில்தான்.

பயம் வந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"கையை எடு!" என்று கத்தினேன். "எட்டு கம்பெனி ஏறி இறங்கி வாங்கின வேலை இது. நீ யாரா வேணா இரு. என் வண்டியைக் கவுக்க விட மாட்டேன். எடு கையை!"

குளிர் விலகியது.

இன்ஜின் சத்தமும் பீப்பும் மட்டும்...

பிறகு, என் தோளுக்குப் பக்கத்தில், ஓர் ஆணின் குரல். அழுகையை அடக்கும் குரல்.

"எந்த... கியர்ல... இறங்கணும்?"

புரிந்தது. அது மிரட்டல் இல்லை. கேள்வி. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் நானே கேட்டிருப்பேன்.

"மூணு" என்றேன். "மூணாவதுலயே இருங்க. மாத்தாதீங்க."

தப் தப் தப்...

"பிரேக்கை மிதிச்சே பிடிக்காதீங்க, காஞ்சிரும். மிதிங்க... விடுங்க. மிதிங்க... விடுங்க."

தப்...

தப்...

நான் சொல்லும் தாளத்துக்கு.

"அஞ்சாவது வளைவு. அகலமா எடுங்க."

தப்...

"ஆறு. அவசரமில்லை."

"ஏழு."

"எட்டு."

7.04. பனிமூட்டம் விலகியது. கீழே ஊர் விளக்குகள் தெரிந்தன.

"அவ்வளவுதான். வந்துட்டோம்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. தரையிலிருந்தும் சத்தமில்லை. பீப் நின்றுவிட்டது. ஒன்பதாவது வளைவைத் தனியாகத்தான் எடுத்தேன்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய் லோடை இறக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். பயிற்சிப் பதிவு. பத்து நாள், பத்து வரி, ஒவ்வொன்றுக்கும் நேரம். பயிற்சி கொடுத்தவரின் கையெழுத்து பத்தும் போட்டாகிவிட்டது. என் கையெழுத்துதான் பாக்கி.

"போட மாட்டேன் சார்."

"அப்ப சாவியை வச்சிட்டு கிளம்புங்க."

"அதையும் வைக்க மாட்டேன். பாக்கி எட்டு நாளைக்கு ஆளை உக்கார வைங்க. இல்லைன்னா உரிமம் கொடுக்கிற ஆபீஸ்ல இந்தப் பேப்பரை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலை என் பக்கத்து சீட்டில் ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார். உயிருள்ளவர். எட்டு நாளும் வந்தார்.

கடைசி நாள் மத்தியானம், மெக்கானிக் என்னைப் பட்டறைக்குப் பின்னால் கூப்பிட்டார். அப்போதுதான் மலையில் என்னிடம் கியர் கேட்ட அந்த மனிதரைப் பற்றித் தெரிந்தது. ஏழு மாதத்துக்கு முன் புதிதாகச் சேர்ந்தவர். நாற்பத்து நான்கு வயது. அச்சகத்தில் வேலை போய், லாரிக்கு வந்தவர். அவருக்கும் இரண்டு நாள் பயிற்சிதான். முதல் லோடு, இதே மலை, இதே வண்டி. ஒன்பதாவது வளைவில் பாறையில் மோதினார். வண்டியைச் சரிசெய்துவிட்டார்கள்.

"அவர் பயிற்சிப் பேப்பர்ல பத்து கையெழுத்து இருக்கும்மா" என்றார் மெக்கானிக். "எல்லாம் செத்ததுக்கு அப்புறம் போட்டது."

பிறகு தன் போனை எடுத்தார். விபத்து நடந்த மாலை, உச்சியில் வண்டியை நிறுத்தி அந்த மனிதர் 6.31க்கு ஆபீசுக்குப் போன் செய்துவிட்டு, அதை அணைக்காமலே இறங்கியிருக்கிறார். ஆபீஸ் ஆறு மணிக்கே பூட்டியாகிவிட்டது. யாரும் எடுக்காவிட்டால் பேசுவது தானாகப் பதிவாகும். அதை அழிக்கச் சொன்னார்களாம். அழிப்பதற்கு முன் மெக்கானிக் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார்.

போட்டுக் காட்டினார்.

இன்ஜின் சத்தம். தப் தப் தப். மூச்சிரைப்பு. ரொம்ப நேரம் அதுதான்.

பிறகு, "எந்த... கியர்ல... இறங்கணும்?"

ஒரு பெண்ணின் குரல் பதில் சொன்னது.

"மூணு. மூணாவதுலயே இருங்க. மாத்தாதீங்க."

என் குரல்.

ஏழு மாதத்துக்கு முன்பு. அப்போது நான் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"முதல் நாள் நீங்க வந்து ஆபீசுக்கு வழி கேட்டீங்களே, உங்க குரலைக் கேட்டப்பவே எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு" என்றார் மெக்கானிக். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

பதிவு முப்பத்து மூன்று நிமிடம். கடைசியில் அந்தப் பெண் சொல்கிறாள்: "அவ்வளவுதான். வந்துட்டோம்."

அப்புறம் அவள் பேசவில்லை. ஒரு வளைவு பாக்கி இருந்தது.

விபத்து நடந்தது 7.05க்கு.

நான் வேலையை விடவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. ஏழாம் நம்பர் வண்டியைத்தான் ஓட்டுகிறேன், கேட்டு வாங்கிக்கொண்டு. புதிதாக வருபவர்களுக்கு நான்தான் பக்கத்தில் உட்காருகிறேன். பத்து நாள், முழுசாக. தனியாகப் போகும் நாட்களிலும் அந்த இறக்கத்தில் வாயை மூடுவதில்லை. ஒன்பதாவது வளைவு முடியும்வரை பேசிக்கொண்டே வருகிறேன்.

ஒவ்வொரு முறையும், அந்தக் கடைசி வளைவில், பக்கத்துத் தரையில் ஒரே ஒரு சத்தம்.

தப்.

ரப்பர் பாய் அமுங்கும். எழாது.

"விடுங்க" என்கிறேன்.

அவர் விடுவதில்லை. நானும் விடுவதாக இல்லை.