இடது பக்கத்துப் பெட்டி

எங்கள் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நடுசென்டர் என்பார்கள். அவர் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஹோம் தியேட்டர் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் ஸ்பீக்கர் பெட்டிகளைப் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. மற்ற ஆட்கள் ஒயரைச் சொருகி, ஒரு சண்டைக் காட்சியை அலற விட்டு, வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் அப்படியில்லை. பின்னால் இருக்கும் பெட்டிகளையெல்லாம் அடக்கிவிட்டு, முன்னால் இருக்கும் இரண்டை மட்டும் பேச விடுவார். ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதுபோல எதையோ வாசிக்கும். இடதும் வலதும் சரிசமமாக இருந்தால் அந்தக் குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வருவதாகத் தெரியாது. பெட்டியே இல்லாத நடு இடத்திலிருந்து, டிவித் திரைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். அந்தக் குரல் நடுவுக்கு வந்து சேரும்வரை மனுஷன் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். “நட்டநடு சென்டர்ல நிக்கணும்” என்பார். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

நான் அதே கடையில் புகார் ஃபோன் எடுப்பவள். பதினோரு வருஷமாகத் திட்டு வாங்குவதுதான் உத்தியோகம். ரிமோட்டில் பேட்டரி போட மறந்தவனும் என்னைத்தான் திட்டுவான், மெயின் சுவிட்சைப் போடாதவனும் என்னைத்தான் திட்டுவான். அவர்களைத் திருப்பித் திட்ட முடியாததால் கடையில் இருப்பவர்களைத் திட்டுவேன். எனக்கு வாய் நீளம் என்று ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. ஆனால் நடுசென்டர் போய் வந்த வீட்டிலிருந்து மட்டும் பத்து வருஷத்தில் ஒரு ஃபோன் வந்தது கிடையாது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. தனியாகத்தான் இருந்தார். மனைவி, மகளின் பிரசவத்துக்கு உதவியாக மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் வெளிநாட்டுக்குப் போனார். அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்தது, பிறகு இன்னொன்று பிறந்தது. நாலு வருஷம் ஓடிவிட்டது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் வரும். அந்த அம்மா கையில் வேலையோடு பேசுகிறவர் என்பதால் படத்தோடு பேசும் ஃபோனெல்லாம் சரிப்பட்டு வரவில்லை, வெறும் குரல்தான். இதையெல்லாம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரே சொன்னார். “நாலு வீட்டுக்குப் போறேன் பாரு, அதுல ஓடுது” என்றார். போகிற வீட்டில் குழந்தைகள் சுற்றி நிற்கும், யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள், அந்த வீட்டிலேயே நல்ல இருக்கையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் கேட்கச் சொல்வார்கள். அவர் வீட்டு ஹாலில் ரேடியோகூட இல்லை என்று கேள்விப்பட்டேன்.

எங்கள் பேச்சு அதோடு சரி. அப்புறம் ஒரு வருஷமாக அவரோடு நான் பேசுவதே இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவருக்கு இடது பக்கம்தான் என் இடம். நான் எதையாவது கேட்பேன், மனுஷன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்து தடவை. தலைக்கனம் என்று நினைத்தேன். பெரிய காதுக்காரர், நம்மோடெல்லாம் பேசுவாரா என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன்பிறகுதான் ஃபோன்கள் வர ஆரம்பித்தன. முதல் வீட்டில், வசனமெல்லாம் ஒரு பக்கமாகவே வருகிறது என்றார்கள். இரண்டாவது வீட்டில், பாட்டு சாய்கிறது என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். மூன்றும் நடுசென்டர் போன வீடுகள். முதலாளி கணக்குப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வயசாச்சு, கவனம் போயிடுச்சு. இன்னொரு புகார் வந்துச்சுன்னா குடோனுக்கு அனுப்பிடறேன். அங்க உக்காந்து பெட்டிய எண்ணட்டும்” என்றார்.

குடோன் எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. காலையில் ஒரு லாரி, சாயங்காலம் ஒரு லாரி. நடுவில் அட்டைப்பெட்டிகள்தான். வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த மனுஷனை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கோபம் இருந்தாலும் அந்த அளவுக்குக் கல்மனசு இல்லை. நாலாவது புகார் பல் டாக்டர் அம்மா வீட்டிலிருந்து வந்தபோது, முதலாளியிடம் போய், “நானும் கூடப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன், அப்புறம் முடிவு பண்ணுங்க” என்றேன்.

பல் டாக்டர் அம்மா எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “எல்லாரும் இடது பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருக்கு. கழுத்து தானா அந்தப் பக்கம் திரும்புது. பகல் பூரா கழுத்தத் திருப்பித்தான் வேலை பாக்கறேன், வீட்லயுமா?” என்றார்.

“இடது பெட்டி மங்கலா பேசுதும்மா. அதனாலதான் அத மட்டும் கொஞ்சம் ஏத்தி வச்சேன். பெட்டிலதான் குறை. நிரூபிச்சுக் காட்டிட்டு, வேற பெட்டி கொண்டுவந்து தர்றேன்” என்றார் இவர். குரலில் துளி தடுமாற்றம் இல்லை.

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். இவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முதலில் ஒயர். சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் குழம்பும் என்பதால், ஒரு சின்ன பேட்டரியை ஒயர் முனைகளில் தொட்டுப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த காகிதக் கூம்பு முன்பக்கமாக ஒரு துடிப்புத் துடித்தது. சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏற்றி வைத்த இடது பக்கத்தை இறக்கி, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். சோபாவின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

“பாத்தியா, இடது பக்கம் மங்கல்” என்றார். யாரோடு பேசினார் என்று தெரியவில்லை. எனக்கு அது மங்கலாகத் தெரியவில்லை. ஆனால் என் காதை நம்பி அவரிடம் வாதாட எனக்குத் தைரியமில்லை.

இந்தத் தொழிலில் வைத்தியமெல்லாம் ஒன்றுதான். இடத்தை மாற்ற வேண்டும். குறை எதோடு கூடப் போகிறதோ அதுதான் குற்றவாளி. இடது பெட்டியைத் தூக்கி வலது பக்கம் வைத்தார், வலதைத் தூக்கி இடது பக்கம் வைத்தார். பெட்டி பழுதாக இருந்தால் இப்போது வலது பக்கம் மங்கலாகியிருக்க வேண்டும். உட்கார்ந்து கேட்டார். இடது பக்கமே மங்கல். “அப்ப பெட்டி இல்ல” என்றார். சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்பின் பின்னால் கை விட்டு ஒயர்களை மாற்றிச் சொருகினார். இடது பக்கமே மங்கல். “ஆம்ப்பும் இல்ல.” இடது சுவரில் ஒரு ஜன்னல், அதில் கனமான திரைச்சீலை. துணி சத்தத்தைக் குடித்துவிடும் என்று சொல்லி, அனுமதிகூடக் கேட்காமல் அதைக் கழற்றி என் மடியில் போட்டார். அப்புறமும் அப்படியேதான். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. எதையெல்லாம் மாற்ற முடியுமோ அதையெல்லாம் மாற்றியாகிவிட்டது.

“ரூம்லதான் ஏதோ இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்து வந்து நடுவில் போட்டார். டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஜன்னல் இப்போது அவருக்கு வலது பக்கம். “நான் எப்படி உக்காந்தாலும் ஜன்னல் பக்கந்தான மங்கலா கேக்கணும்” என்றார். அந்தப் பெண் குரல் அவர் முதுகுக்குப் பின்னால் வாசித்துக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “ஜன்னல் பக்கம் நல்லா கணீர்னு கேக்குது” என்றார்.

எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி திருப்பினார். மூன்று தடவை. கடைசியில் முதுகு காட்டியபடியே உட்கார்ந்து, உள்ளங்கையால் வலது காதைப் பொத்தினார். பொத்திய கையை எடுக்கவே இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மடியில் இருந்த திரைச்சீலையை மடிக்க ஆரம்பித்தேன்.

பிறகு எழுந்து எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். டேப்பை எடுத்து சோபாவிலிருந்து இரண்டு பெட்டிக்கும் அளந்தார். இரண்டு பக்கத்துச் சத்த அளவையும் ஒரே எண்ணில் வைத்தார். “நீ உக்காந்து சொல்லும்மா” என்றார்.

உட்கார்ந்தேன். “நடுவுலதாண்ணே இருக்கு.”

“நெசமாவா?”

“திரைக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு.”

தலையாட்டினார். பல் டாக்டர் அம்மா வந்து கேட்டுவிட்டு, “இப்பத்தான் சரியா இருக்கு. அன்னிக்கே இப்படி வச்சிருக்கலாமே” என்றார். “ஆமாம்மா, நான் பண்ணின தப்புதான்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் காதுக்கு அந்தக் குரல் இன்னும் வலது பக்கமாகச் சாய்ந்துதான் கேட்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் அவருக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். “எத்தன நாளா இருக்கும்ணே?” என்றேன்.

“தெரியலயேம்மா. ஃபோன வலது பக்கந்தான் வச்சுப் பேசுவேன். வீட்ல யாரு கூப்பிடறா, கேக்கல திரும்பலன்னு சொல்றதுக்கு?”

சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். கூப்பிட்டும் திரும்பாததைத் தினமும் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். நாலு பேர் முன்னால் “காது கேக்கலயா உங்களுக்கு” என்று என் நீளவாயால் ஒரு தடவை கத்தியிருந்தால் போதும். வேண்டாத இடத்திலெல்லாம் கத்துகிறவள் அங்கே மட்டும் ரோஷம் பார்த்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர், “நீ என்னமோ கோவத்துல இருக்கேன்னு நெனச்சேன்” என்றார். அழுகையாக வந்தது.

“முதலாளிட்ட சொல்ல வேண்டாம்ணே. இன்னிக்கு வச்ச மாதிரி டேப்ப வச்சு, நம்பர வச்சு செட் பண்ணிட்டு வந்துடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“ஒருத்தர் வீட்டு சோபால உக்காந்துகிட்டு, கேக்கற மாதிரி நடிக்கச் சொல்றியா?” என்றார். அன்று அவர் கோபமாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

சாயங்காலமே முதலாளியிடம் அவரே சொல்லிவிட்டார். மறுநாள் காது டாக்டரைப் பார்த்தார். இடது காது முக்கால்வாசி போய்விட்டதாம், மெஷின் வைத்தாலும் பழையபடி வராதாம். வீட்டில் யாரும் முன்னாடியே சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டாராம். அடுத்த நாளே அவரைக் குடோனில் போட்டார்கள். முதலாளி கெட்டவர் இல்லை, சம்பளத்தில் கை வைக்கவில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். “அண்ணிகிட்ட சொல்லிடுங்க. சொன்னா கெளம்பி வந்துடுவாங்க” என்றேன்.

“நான் சொல்லவே வேண்டாம்மா. இருவத்தொம்போது வருஷம் கூட இருந்தவ. நான் தும்மினா என்ன தும்மல்னு சொல்லுவா. நாளைக்குப் பேசுவா இல்ல, அவளே கண்டுபிடிச்சிடுவா.” அதைச் சொன்னபோது முகம் தெளிந்திருந்தது. பல் டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் குடோனுக்கு ஓடினேன். புதிதாக வந்து இறங்கிய பெட்டிகளுக்கு நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று, “அண்ணி என்ன சொன்னாங்க? எப்ப வராங்களாம்?” என்று கேட்டேன். எண்ணி முடித்து, நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“ஃபோன எடுத்ததும் இடது காதுல வச்சுகிட்டேன்” என்றார். “எதாவது மாத்தி வச்சாத்தான தெரியும்? ஈ முனகுற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு வார்த்தை புரியல. சத்தம் நிக்கற எடத்துலெல்லாம் ம், ம்னு சொன்னேன். என்ன கேட்டாளோ, எதுக்கு ம்னு சொன்னேனோ. ஏன் இப்படிப் பேசறீங்க, என்னாச்சுன்னு கேட்டா எனக்குக் கேக்காது, ஆனா ரெண்டு தடவ கேப்பா, சத்தமா கேப்பா, அது தெரியும்னு காத்துகிட்டே இருந்தேன்.”

“கேக்கலயா?”

“பன்னெண்டு நிமிஷம்மா. எப்பவும் பேசுற நேரந்தான். அப்புறம் முனகல் நின்னுச்சு. இன்னும் ரெண்டு ம் சொல்லிட்டு ஃபோன எடுத்துப் பாத்தேன். தெர அணைஞ்சு கெடந்துது. அத வச்சுத்தான் பேசி முடிச்சிட்டான்னு தெரிஞ்சுகிட்டேன்.”