நாற்பதாவது தாள்

எங்கள் குடும்பத்தில் ஊழியம் செய்கிறவர் பெரியம்மா, வேலைக்குப் போகிறவள் அம்மா. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் வரை இந்தப் பிரிவினையில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

அம்மாவின் அக்காவான பெரியம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் குடியிருந்தார். செவ்வாய்க்கிழமை வீட்டுக் கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மற்ற நாட்களில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்கு வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுத்து ஜெபிப்பது என்று அவருடைய வாரம் நிறைந்திருக்கும். அம்மா ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருந்தாள். செவ்வாய்க்கிழமையும் அங்கேதான், வெள்ளிக்கிழமையும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தாலும் பிரசங்கத்தின் நடுவில் அவளுக்குக் கண் சொக்கும்.

"ஒரு வெள்ளிக்கெழமையாச்சும் லீவு போட்டுட்டு வாயேன்ட்டி. ஆண்டவருக்குன்னு நீ என்ன செஞ்சேன்னு அவர் கேட்டா என்னத்தச் சொல்லுவ?" என்று பெரியம்மா ஒருநாள் சாப்பாட்டின்போது கேட்டார்.

அம்மா, "பாப்பம்க்கா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. உண்மையிலேயே கேட்டால் அம்மா என்ன சொல்லுவாள்? ஆண்டவரிடமும் 'பாப்பம்' என்று சொல்லிவிட முடியுமா?

அரைப்பரீட்சை லீவில் பெரியம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைப்பிரதிக் கட்டைச் சுமக்கிற பொறுப்பு எனக்கு. ஒரு தாத்தா நாங்கள் கொடுத்த தாளை மரியாதையாக வாங்கி, இரண்டாக மடித்து, விசிறிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் தனக்குக் கொடுத்த தாளில் கடலைத்தோலைப் போட்டார். பெரியம்மா அதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை. என் கவனம் வேறெங்கோ போய்விட்டது. ஒரு நர்ஸ் காலில் காயம்பட்ட ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நீலக்கோடு போட்ட ஒரு கவரைக் கிழித்து, உள்ளேயிருந்து வெள்ளைத் துணித் துண்டுகளை எடுத்தார். அந்த நீலக்கோடு எனக்குத் தெரியும். அம்மா கம்பெனிக் கவர் அது.

பெரியம்மா கொடுக்கிற தாளைக் கடலைத்தோலுக்கு வைத்துக்கொள்கிறவர்கள்கூட அம்மாவின் கவரைத் திறக்காமல் இருக்க முடியாது. அதுவும் மிகவும் வலிக்கிற நேரத்தில் திறக்கிறார்கள். இது ஏன் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ராஜபாளையத்துக்குத் திரும்பிய அன்றே கணக்கு நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்தேன். ஒவ்வொன்றையும் இருபது துண்டாக வெட்டி, எல்லாவற்றிலும் 'இயேசு உங்களுக்குச் சுகம் தருவார்' என்று பென்சிலால் எழுதினேன்.

அப்பா லாரியோடு வடக்கே போயிருந்ததால், மறுநாள் அம்மா என்னைக் கம்பெனிக்கே கூட்டிக்கொண்டு போனாள். பெரிய ஹால். சுவரோரம் நீளமான மேசைகள். தலையில் துணி கட்டிக்கொண்டு பெண்கள் துணியை வெட்டுவதும் மடிப்பதுமாக இருந்தார்கள். அம்மாவின் மேசைக்கு மேலே மட்டும் இரண்டு ட்யூப்லைட். மடித்த துண்டுகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிரிந்த நூலோ முடியோ தெரிந்தால் அந்தத் துண்டைத் தனியாகப் போடுவாள். அவளுடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"ஜெபம் பண்ணுதியாம்மா?" என்று கேட்டேன்.

"எண்ணுதேன்ட்டி. பேச்சுக் குடுக்காத, விட்டுப்போயிரும். ஒரு கவர்ல நூறு இருக்கணும்."

"ஒண்ணு கொறஞ்சா?"

"ஆப்பரேசன் பண்ணுத டாக்டரு உள்ள வச்சது எத்தன, வெளிய எடுத்தது எத்தனன்னு எண்ணிப் பாப்பாரு. நம்ம கணக்கு தப்புனா அவரு கணக்கும் தப்பும். செத்த நேரம் அங்கிட்டுப் போயி உக்காரு."

எனக்கு ஏமாற்றம்தான். அப்படியானால் நான் கொண்டுவந்தது மிகவும் அவசியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். எண்ணி நிரப்பிய கவர்கள், வாய் ஒட்டும் மெஷினுக்குப் போவதற்காக, தட்டுத் தட்டாகத் திறந்தபடியே அடுக்கியிருந்தன. நான் ஒவ்வொரு தட்டாகப் போய், ஆங்காங்கே ஒரு கவரில், துணிகளுக்கு நடுவே என் தாளைச் செருகினேன். ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில் முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் செருகினேன்.

மூன்று மணிவாக்கில் சூப்பர்வைசர், ஒட்டி முடித்த கவர்களில் ஒன்றை எடுத்துச் சோதனைக்காகக் கிழித்தார். என் தாள் கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து, உரக்க வாசித்தார்.

"யாரு பாத்த வேலை இது?"

என் கையெழுத்தை அங்கே அறிந்தவள் ஒருத்திதான். அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"எம் பிள்ள செஞ்சது அண்ணாச்சி. நாந்தான் கூட்டியாந்தேன். என் மேலதான் தப்பு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தன வச்ச?" என்று கேட்டாள்.

"நாப்பது."

"எந்தெந்தக் கவர்ல?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அன்றைக்கு ஒட்டியவை நூறு கவருக்கு மேல். சாயங்காலம் லாரி வரும்.

அம்மா உட்கார்ந்து முதல் கவரைக் கிழித்தாள். பக்கத்து மேசையில் வேலை பார்க்கிற ஒரு அத்தை தன் வேலையை விட்டுவிட்டு வந்து கூட உட்கார்ந்தாள். அவள் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் வீட்டார் அந்த ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவர்கள். அழத் தயாராக நின்ற என்னைப் பார்த்து அவள், "எங்க ஊருல அந்தக் காலத்துல சாமிக்குப் போற மாலையில ஒத்த முடி கெடந்துச்சு. அதுக்குப் பொறவுதான் அந்த மாலைக்கே பெரும வந்துச்சு. இது ஆஸ்பத்திரிக்குப் போறது கண்ணு. இதுல முடியும் கூடாது, தாளும் கூடாது" என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள்.

ஒவ்வொரு தாளாகக் கிடைத்தது. கிடைக்கக் கிடைக்க அம்மா அவற்றைத் தன் பக்கத்திலிருந்த குப்பைக் கூடையில் போட்டாள். நான் அச்சு மாதிரி எழுதியிருந்த இயேசுவின் பெயரை, என் அம்மா, தன் கையாலேயே, குப்பையில்.

லாரி வந்து ஹாரன் அடித்தபோது முப்பத்தொன்பது கிடைத்திருந்தது.

"அம்புட்டுதான் இருக்கும். பிள்ளைக்கு எண்ணத் தெரியாம நாப்பதுன்னு சொல்லியிருக்கும். புதுக் கவர்ல போட்டு ஏத்துங்க" என்றார் சூப்பர்வைசர்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "எண்ணித்தான் சொல்லுதா. இன்னொரு தடவ பாத்துருதேன்."

"ஏம்மா, ஒத்தத் தாளு. அதுலயும் ஒங்க சாமி பேருதான எழுதியிருக்கு. ஒண்ணும் ஆயிராது."

"சாமி பேரு எழுதுனா அழுக்கு போயிருமா அண்ணாச்சி? வயித்தக் கிழிச்சுப் போட்டு ஒருத்தரு கெடப்பாரு. அவருக்குள்ள போயி இது உக்காந்துக்கிட்டா? நான் பாத்தேன்னு சொல்லித்தான டாக்டரு நம்பித் தொறக்காரு."

சூப்பர்வைசர் முதலாளியிடம் பேசப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லாரி மற்ற பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அம்மா கூட இருந்தவர்களோடு இரண்டாம் தடவை எல்லாத் துண்டுகளையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். நாற்பதாவது தாள் கிடைக்கவில்லை. அந்தத் துணி முழுவதையும் ஒரு மூலையில் தனியாக அடுக்கிவிட்டு, "கெடைக்கும் வரைக்கும் இத யாரும் தொட்டுராதிய" என்று எல்லாரிடமும் சொன்னாள். வெளியே போனவர் திரும்பி வந்து, திங்கட்கிழமையிலிருந்து செக்கிங் மேசைக்கு வேறு ஆள் வரும், அம்மா கழிவுத் துணி கட்டும் இடத்துக்குப் போக வேண்டும் என்றார். அம்மா சரியென்று தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு நடந்து வருகையில் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்ததும் பையிலிருந்த புத்தகங்களை எடுத்து வெளியே வைத்தேன். தமிழ்ப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாள் வழுக்கி விழுந்தது. அதில் 'சுகம்' என்பதைச் 'சுமக' என்று எழுதிவிட்டு, தப்பாக இருக்கிறதே என்று ஒதுக்கி வைத்திருந்தேன். வைத்ததையே மறந்துபோயிருந்தேன்.

ஒளித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இல்லாத ஒன்றைத் தேடித்தான் அம்மாவுக்கு மேசை போயிற்று. தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். ஆனாலும் மூலையில் கிடக்கிற அந்தத் துணிக் குவியல் நினைவுக்கு வந்தது. அடுப்படியில் நின்ற அம்மாவிடம் போய்த் தாளை நீட்டினேன்.

அம்மா அதை வாங்கி வாசித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். "போகல. யாருக்கும் போகல."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகம் மட்டும் பரீட்சையில் பாசான பிள்ளையின் முகம்போல இருந்தது. உடனே போனை எடுத்து, "அண்ணாச்சி, கெடச்சுருச்சு. வீட்லதான் இருந்துருக்கு. துணி சுத்தம், ஏத்திரலாம்" என்று சொன்னாள். மேசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. அம்மா போனை வைத்துவிட்டு, என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்து, தோசை ஊற்றப் போனாள். மூன்று மாதம் அவள் கழிவுத் துணிதான் கட்டினாள்.

வீணாகப் போன ஒரு நாளுக்கு ஸ்தோத்திரம் சொல்கிற ஆளை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பெரியம்மாவின் கூட்டங்களில் கல்யாணம் அமைந்ததற்கும் காய்ச்சல் விட்டதற்கும் சொல்வார்கள். அம்மா எதற்குச் சொன்னாள் என்று யோசித்து யோசித்து, எனக்குக் கூடைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. முப்பத்தொன்பது தடவை ஆண்டவருடைய பெயரைக் குப்பையில் போட்டவள். அதனால்தான் மேசை போயிற்று என்று என் புத்திக்கு எட்டிய காரணத்தை நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் உள்ளறையில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, எங்கம்மாவ மன்னிச்சிரும். உமக்குன்னு நான் செஞ்ச வேலைய அவ கெடுத்துப்போட்டா. தெரியாமத்தான் செஞ்சிட்டா. நீர் அவளுக்கும் ஒரு ஊழியத்தக் குடும்" என்று சத்தமாகவே ஜெபித்தேன்.

"ஆமென்" என்று கதவருகிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அதில் ஏன் சிரிப்பு கலந்திருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.