கராச்சிப் பெரியம்மாவுக்கு ஒரு கோடிப் புடவை

முருகேஷ் அண்ணா, இதை முதலில் நீங்கள் படியுங்கள். அண்ணியும் படிக்கலாம். உங்கள் அம்மாவோடு தினமும் நடக்கப் போன பஞ்சாபி ஆன்ட்டிகளுக்கு வேண்டுமானால் வாயால் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் காட்ட வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன். படம் எடுத்து எந்தக் குரூப்பிலும் போட்டுவிடாதீர்கள். நம் மெல்பர்ன் டார்னெய்ட்டில் ஒரு தமிழ் வீட்டுக்குத் தெரிந்த விஷயம் மறுநாள் காலை சென்னையில் காபியோடு குடிக்கப்படும். அப்புறம் என் அம்மா என்னை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

ரத்தினம் பெரியம்மாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி தெரிந்தவர்களையெல்லாம் கேட்டிருந்தீர்கள். என் அம்மா எழுத மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். என் ஃபோனை அம்மா எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்ப்பாள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் கூப்பிட்டபோது அம்மா வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். நான் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சமைக்கும்போது அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருப்பாள், அதனால் உங்கள் குரல் எனக்கும் கேட்டது. “சித்தி, அம்மா மதியம் போயிட்டாங்க,” என்றீர்கள். அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்து ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோய், “ஸாரி ஃபார் யுவர் லாஸ்” என்றாள். வங்கியிலிருந்து பேசுகிறவர்கள் அப்படிப் பேசுவார்கள். அக்கா செத்துப்போனதற்கு ஒரு தங்கை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு நீங்கள் ஏதோ கேட்டீர்கள். “இல்லப்பா, வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேற வேலை இருக்கு,” என்றாள். நீங்கள் கேட்டது எனக்குத் தெரியும். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கேட்டீர்கள்.

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்,” என்றாள்.

போன வருடம் அப்பாவின் சித்தப்பா மதுரையில் இறந்தபோது, அவர் முகமே தெரியாத என்னையும் எழுப்பி, கொட்டுகிற குளிரில் தலைமுழுக வைத்தவள் இவள். கடல் தாண்டியிருந்தாலும் தீட்டு தீட்டுதான், சொந்தம் சொந்தம்தான் என்று அன்றைக்குச் சொன்னாள். நாலு தெரு தள்ளி இறந்த பெரியம்மாவுக்குக் கை கழுவினால் போதுமாம். நான் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தேன்.

“சாயங்காலத்துல எதுக்குடி தலைக்கு ஊத்தினே?”

“ஸ்கூல்ல நீச்சல்மா. குளோரின் வாசனை.”

அம்மா என் தலையைப் பார்த்தாள். வெண்டைக்காயைத் தட்டில் வைத்தாள்.

நாளைக்கு இறுதிச் சடங்கு மண்டபத்துக்கு வருகிற பலருக்கு நாங்கள் உங்களுக்கு என்ன உறவு என்று தெரியாது. தெரியக் கூடாது என்று அம்மா பார்த்துக்கொண்டாள். அதனால் பெரியம்மா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். கராச்சித் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு தமிழருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பாக்கியம், இளையவள் ரத்தினம். நாட்டை இரண்டாக வெட்டியபோது பாக்கியத்துக்குப் பதினைந்து வயது, கல்யாணமாகி நாலு மாதம். ரத்தினம் சின்னப் பிள்ளை. கலவரம் அடங்கும்வரை ஊருக்குப் போய் வருகிறோம் என்று அவர்கள் அப்பா பம்பாய்க் கப்பலுக்குச் சீட்டு எடுத்தார். பாக்கியம் தானும் வருகிறேன் என்று அழுதிருக்கிறாள். “நீ இப்ப அவங்க வீட்டுப் பொண்ணு,” என்று சொல்லிவிட்டுச் சின்னவளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். திரும்பவே இல்லை. கடிதம் வந்துகொண்டிருந்தது. இரண்டு நாடும் சண்டை போட்ட வருடம் அதுவும் நின்றது.

கராச்சியிலேயே இருந்த பாக்கியத்தின் மகள்தான் நம் பெரியம்மா. தங்கையின் பெயரையே மகளுக்கு வைத்திருக்கிறாள். கப்பலில் போன ரத்தினத்தின் கடைசி மகள் என் அம்மா. இரண்டு சகோதரிகளின் பெண்கள் அக்கா தங்கைதான், தமிழில் அதற்கு வேறு சொல்லே கிடையாது. என் அம்மா மட்டும் ஒரு சொல் வைத்திருந்தாள். “அந்தம்மா.”

இந்தக் கதையைச் சொல்லும்போது பெரியம்மா அழுதார் என்று நினைக்காதீர்கள். நான்தான் அழுதேன். பெரியம்மாவுக்குக் கோபம் வந்தது. “கோடு போட்டவன் கப்பலேறிப் போயிட்டான். நாங்க இன்னும் அதைத் துடைச்சிக்கிட்டு இருக்கோம்,” என்றார். என் கண்ணைப் பார்த்துவிட்டு, “அழாதே. அழுதா தூக்கம் வரும். கோபப்படு, முழிச்சிருப்பே,” என்றார்.

முதலில் அவரைப் பார்த்தது ஆடி மாதத்தில், ஒரு வீட்டுக் கார் கராஜில். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். மெல்பர்ன் குளிரில் எல்லோரும் ஜாக்கெட்டோடு நின்று கூழ் வாங்கினோம். யாரென்று தெரியாத ஒருவர் தன் பங்கை வாங்கியதும், பேப்பர் கப் ஒன்று எடுத்து அதில் கொஞ்சம் ஊற்றி, சுவரோரமாக வைத்தார். கூழ் ஊற்றிய அங்கிள், “யாருக்கும்மா அது?” என்றார். “சின்னவளுக்கு,” என்றார் அவர்.

என் அம்மாவின் கையிலிருந்த கப் சாய்ந்து, கூழ் அவள் ஷூவில் கொட்டியது. எனக்குக் காரணம் புரிந்தது. அம்மாவைப் பெற்றவள் சென்னையில் சாகும்வரைக்கும் ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு டம்ளர் கூழைத் தனியாக எடுத்து வைப்பாள், “பெரியவளுக்கு” என்று சொல்லி. அம்மாவே எங்களுக்குச் சொன்ன கதை அது. சொல்லிச் சிரித்த கதை.

அம்மா ஷூவைக்கூடத் துடைக்காமல் எங்களைக் காருக்கு இழுத்துப்போனாள். பெரியம்மா பின்னாலேயே வந்துவிட்டார். கார்க் கண்ணாடியைத் தட்டி, “உன் அம்மா பேரு ரத்தினமா?” என்று கேட்டார். அம்மா பொய் சொல்லவில்லை, அதற்காக ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன். “ஆமா” என்றாள். “எனக்கும் அதே பேருதான்,” என்றார் பெரியம்மா. அவ்வளவுதான் பேசினார்கள். எழுபது வருடங்களுக்கு மேல் பிரிந்திருந்த குடும்பம் ஒரு கார் கண்ணாடி பாதி இறங்கும் அளவுக்குச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்ன முதல் வாக்கியம், “இது வெளிய போகக் கூடாது.”

ஏன் போகக் கூடாது? என் கூடப்பிறந்த வித்யா அக்காவுக்குப் பார்த்திருக்கும் பையனின் அப்பா இந்திய ராணுவத்தில் இருந்தவர். பாகிஸ்தானில் சொந்தம் இருக்கிறது என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமாம். அவர் அப்படிச் சொன்னாரா? இல்லை. யாராவது அவரைக் கேட்டார்களா? இல்லை. கேட்காத கேள்விக்குப் பயந்து ஒரு மனுஷியை மறைத்தார்கள்.

அதற்கப்புறம் பெரியம்மா என் பள்ளி வாசல் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் மூன்றரை மணிக்கு உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். நடந்து வந்து கால் வலிக்கிறது என்று காரணம் சொல்வார். அடுத்த பஸ் வரும்வரை பேசுவோம். அவர் பேசும் தமிழில் உருது கலந்திருக்கும், தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. அதைச் சொல்லி நான் ஒருமுறை கிண்டல் செய்தேன். “அங்க எங்களை மதராசின்னான். இங்க உங்காளுங்க பாகிஸ்தானின்னு சொல்றாங்க. ரத்தினம்னு கூப்பிட ஆளே கிடைக்கல, இதுல எழுத்து எதுக்கு?” என்றார்.

பையன் வீட்டார் மெல்பர்னுக்கு வந்த நாளை என்னால் மறக்க முடியாது. நிச்சயத்துக்குச் சம்பிரதாயம் என்று பெரியம்மா ஒரு டப்பா இனிப்பு செய்து எடுத்து வந்தார். புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். அம்மா கதவைப் பாதி திறந்து, தானே அந்தப் பாதியை அடைத்துக்கொண்டு நின்றாள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பெரியம்மா பார்த்தார்.

“விருந்தாளிங்க போல. பரவால்ல, கூரியர்காரி வந்தான்னு நெனச்சிக்கோ. கையெழுத்து வேணாம்,” என்று டப்பாவை அம்மா கையில் வைத்துவிட்டுத் திரும்பினார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருமுனை தாண்டும்வரை முதுகு வளையாமல் நடந்தார். அங்கே நின்று, தலையிலிருந்த பூவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

கூடத்தில் பையனின் அப்பா, “யாரும்மா?” என்றார். “பக்கத்துத் தெரு அம்மா,” என்றாள் அம்மா. டப்பாவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, கராச்சி அல்வா! எங்க மெஸ்ஸுல தீபாவளிக்குத் தவறாம வரும். இவ்வளவு பதமா நான் சாப்பிட்டதே இல்ல.” மூன்று துண்டு சாப்பிட்டார். நான்காவதைப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் அப்பாவுக்குத் தண்ணீர் புரையேறியது. கராச்சி அல்வா உள்ளே வரலாம், அதைக் கிண்டிய கை வெளியே நிற்க வேண்டும். இதில் எந்த ராணுவம் தடுத்தது, சொல்லுங்கள்.

அடுத்த வாரம் பஸ் பெஞ்சில் அவரிடம் இதைச் சொன்னேன். அம்மாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். “நாலாவது துண்டும் எடுத்தாரா? அப்ப சம்பந்தம் முடிஞ்சிடுச்சு போ.” சிரித்து முடித்துவிட்டுத்தான் அந்த இன்னொரு கதையைச் சொன்னார். இது உங்களுக்கே தெரியுமா தெரியாது அண்ணா.

கராச்சியில் உங்கள் பாட்டி பாக்கியம் இறந்தபோது, பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று தமிழர் குடியிருப்பில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பெண் எந்த வயதில் செத்தாலும், அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை வந்து உடம்பின்மேல் விழ வேண்டும். அண்ணன் தம்பி இல்லாவிட்டால் அக்கா தங்கை முறையுள்ளவர்கள் கொண்டுவரலாம். அவள் கேட்பாரற்றுப் போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பாக்கியத்துக்கு யார் கொண்டுவருவது? பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். பெரியம்மாவே பின்வாசல் வழியாகக் கடைத்தெருவுக்கு ஓடி, ஒரு புடவை வாங்கி, “மதராஸ்லேர்ந்து வந்துச்சு” என்று எல்லார் முன்னாலும் போர்த்தியிருக்கிறார். “என் அம்மா மேல நான் போட்டது பொய்க்கோடி,” என்றார். பஸ் வந்தது. நான் ஏறும்போது, “எனக்காவது நெசமானது விழணும்,” என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பஸ்ஸின் நம்பரைப் பார்த்துச் சொன்னார்.

அதைத்தான் நீங்கள் ஃபோனில் கேட்டீர்கள். என் அம்மா வேறு வேலை இருக்கிறது என்றாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை ஒரு வேலையும் இல்லை.

எல்லை போட்டவர்கள்மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வாசலில் நின்று பாதிக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் முகம் தெரியும். அந்தக் கதவுக்கு எந்த அரசாங்கமும் உத்தரவு போடவில்லை.

வித்யா அக்கா கல்யாணத்துக்கு வைத்துக்கொடுக்க வாங்கிய புடவைகள் அம்மாவின் அலமாரியில் இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டேன். கரும்பச்சை, அரக்குக் கரை, கடை மடிப்புக்கூடப் பிரிக்காதது. இப்போது என் பள்ளிப் பையில், கணக்குப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. காலையில் பள்ளி நிறுத்தத்தில் இறங்காமல் பஸ்ஸிலேயே மண்டபம்வரை வந்துவிடுவேன். எப்படிப் போர்த்த வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டுமா, யூனிஃபார்மில் வரலாமா, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கக்கூடிய ஒரே ஆள், அம்மா, பக்கத்து அறையில் தூங்குகிறாள். நான் தங்கையின் பிள்ளைதானே, நான் போட்டால் அது நிஜக்கோடியா, இல்லை இதுவும் பொய்க்கோடியா? அண்ணா, யாராவது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தங்கை வீட்டிலிருந்து என்று உரக்கச் சொல்லுங்கள்.

பெரியம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பேப்பர் கப். அடுத்த ஆடியில் கூழ் வாங்கினால் ஒரு கப் தனியாக ஊற்றிச் சுவரோரமாக வைப்பேன். யாருக்கு என்று கேட்டால் குரலைத் தாழ்த்த மாட்டேன். எங்கள் ரத்தினம் பெரியம்மாவுக்கு, கராச்சிக்காரருக்கு என்பேன். அவர் கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன். அதனால்தான் இன்னும் முழித்திருக்கிறேன்.

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. அம்மாவின் அறையில்தான். புடவைகளை எண்ணுகிறாளா, தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன், யாரும் வரவில்லை.

இப்போது குளியலறையில் ஷவர் ஓடுகிறது. வெகுநேரமாக ஓடுகிறது. எங்கள் வீட்டில் யாரும் இந்த நேரத்தில் குளிப்பதில்லை. அப்பா என்னவோ கேட்கிறார்.

நின்றுவிட்டது. நடந்து வருகிறாள். ஈரத் தலையைத் துண்டால் தட்டுகிற சத்தம் என் கதவுக்கு வெளியே கேட்கிறது. அவள் எப்போதும் கேட்காமல்தான் திறப்பாள், இன்றைக்குக் கதவைத் தட்டு