பதினைந்தாம் எண்

என் கையெழுத்து அழகாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கோழிக் கிறுக்கலாக இருந்திருந்தால் அந்தப் பெயர்ப் பலகை வேலை வேறொருவன் தலையில் விழுந்திருக்கும். நானும் நிம்மதியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு காலம் தள்ளியிருப்பேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நகராட்சி அலுவலகத்தில் நான் ரெக்கார்டு ரூம் குமாஸ்தா. ஓரிக்கையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. புதிதாகக் கட்டிய மன்றக் கூடத்தைத் திறந்துவைக்க மந்திரி வருவதாக முடிவாயிற்று. இதுவரை நகராட்சியில் தலைவராக இருந்த அத்தனை பேரின் பெயரையும், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற விவரத்தோடு, ஒரு தேக்குப் பலகையில் எழுதி அந்தக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றார் சேர்மன். பழைய மினிட் புத்தகங்களைப் புரட்டி, அழகான கையெழுத்தில் பட்டியல் எடுத்துப் பெயிண்டரிடம் கொடுக்க வேண்டியவன் நான். பத்து நாள் கெடு.

கூட்டத்தில் நடந்ததை எல்லாம் எழுதி, முடிவில் தலைவர் கையெழுத்துப் போடும் புத்தகம்தான் மினிட் புத்தகம். கையெழுத்து இல்லாவிட்டால் நடந்த கூட்டம் நடக்காத கூட்டம். நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை பெரிய மனிதர்கள், எத்தனை சின்னச் சண்டைகள். ஒருவர் மூன்று வருஷம் பதவியில் இருந்து, மூன்று வருஷமும் ஒரே சாக்கடையைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்தச் சாக்கடை அப்போதும் அப்படியேதான் இருந்தது. இன்னொருவர் கூட்டத்துக்குக் கூட்டம் ராஜிநாமா செய்து, அடுத்த கூட்டத்தில் வாபஸ் வாங்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பதினான்காவது ஆளிடம் வரும்வரைதான் அந்தச் சிரிப்பு.

பதினான்காவது ஆள் அப்போதைய சேர்மனின் அப்பா. வெள்ளைக்காரன் காலத்தில் தலைவராக இருந்தவர். ஒரு பங்குனி மாதக் கூட்டத்தில் அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் வந்து, நிறைவேறி, அதே கூட்டத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் அடியில் புதுத் தலைவர் போட வேண்டிய கையெழுத்து இல்லை. அடுத்த பக்கத்தில் மெட்ராஸிலிருந்து வந்த உத்தரவை ஒட்டியிருந்தார்கள். கையெழுத்து இல்லாததால் அன்றைய தீர்மானங்கள் செல்லாது, பழைய தலைவரே தொடரலாம் என்று அதில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பத்தொன்பது நாள்.

பத்தொன்பது நாள் நாற்காலியில் உட்கார்ந்தவன் தலைவனா இல்லையா? நான் சட்டம் படித்தவன் இல்லை. பதினான்கு, சேர்மனின் அப்பா; பதினைந்து, அந்த நெசவாளர்; பதினாறு, மறுபடி சேர்மனின் அப்பா என்று எழுதினேன். தைரியமாக எழுதினேன் என்று சொன்னால் பெருமையடிப்பதாகும். எழுதி முடித்த பிறகுதான் யார் அப்பாவை எங்கே நிறுத்தியிருக்கிறேன் என்பது உறைத்தது.

எங்கள் ஊரில் ஒரு தறியில் இழை அறுந்தால் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் நாளே அந்த நெசவாளப் பெரியவர் ரெக்கார்டு ரூம் வாசலில் வந்து நின்றார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு காலத்தில் இதே அலுவலகத்தின் நாற்காலியில் உட்கார்ந்தவர் என் எதிரில் அப்படி நின்றது எனக்குக் கூச்சமாக இருந்தது.

"தம்பி, பலகை எழுதறீங்களாமே. என் பேரு இருக்குதா?"

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ஏன் ஐயா அன்னிக்கி கையெழுத்து போடாம போனீங்க?"

"கூட்டம் முடியற நேரம்பா. பங்குனி உற்சவம். சாமி ராஜ வீதியில வந்துக்கினு இருக்குது, மேளம் கேக்குது. எல்லாரும் எழுந்துட்டாங்க. நானும் பேனாவ மூடிட்டு எழுந்துட்டேன். கையெழுத்து எங்க ஓடிடப் போவுது? சாமி தாண்டிப் போயிடும்ல?"

எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் சாமி வாசலைக் கடக்கும்போது யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கோர்ட்டுக் கச்சேரியானாலும் பள்ளிக்கூடமானாலும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து கும்பிடுவார்கள். புதுத் தலைவர் என்று அன்று இவருக்குத் கோயில் மரியாதையாகத் தலையில் பரிவட்டம் கட்டியிருக்கிறார்கள். கட்டிய பிறகு சாமியை விட்டுத் திரும்பக் கூடாது என்று இரண்டு வீதி கூடவே நடந்திருக்கிறார். திரும்பி வந்தபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. மறுநாள் மினிட் புத்தகம் பழைய தலைவரின் ஆட்கள் கையில். பத்தொன்பது நாளும் கண்ணில் காட்டவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் முதலில் கையெழுத்தைப் போட்டிருப்பான்.

அந்தப் பத்தொன்பது நாளில் அவர் ஒரே ஒரு காரியம் செய்தார். விடிகாலையில் நெசவாளர்கள் தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி இழை சரிபார்ப்பார்கள். அது முடியும்வரை குப்பை வண்டி அந்தத் தெருக்களுக்குள் வரக் கூடாது என்று துப்புரவு மேஸ்திரியைக் கூப்பிட்டு வாயால் சொன்னார். நான் வேலை பார்த்த காலத்திலும் வண்டி ஒன்பது மணிக்கு மேல்தான் போயிற்று. யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது.

"பதவி போனது போவட்டும்பா. திருட்டு சேர்மன்னு பேரு வெச்சிட்டாங்க. சும்மா போயி உக்காந்துக்கினான்னு ஊரே பேசிச்சி. என் பொண்டாட்டி சாவறவரைக்கும் அந்தப் பேச்சி காதுல விழுந்துக்கினே இருந்தது. பலகையில பேரு வந்தா போதும், நான் பொய் இல்லன்னு ஆயிடும்."

"இருக்குது ஐயா, பதினஞ்சாவது" என்று பட்டியலைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் அந்த மினிட் புத்தகம் அலமாரியில் இல்லை. "சேர்மன் பார்வைக்குப் போயிருக்குது" என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல். மதியம் சேர்மன் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருப்பா" என்றார். அந்த அறையில் அதற்குமுன் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"வேலை இன்னும் கன்பர்ம் ஆவலயாமே?"

"இல்லைங்க."

"இந்த மாசம் உன் பைல் எங்கிட்ட வருது." என் பட்டியலை மேசைமேல் விரித்தார். விரல் பதினைந்தில் நின்றது. "இது எங்க இருந்து வந்தது?"

"மினிட் புத்தகத்துல இருக்குதுங்க."

"எந்தப் புத்தகம்? கொண்டாந்து காட்டு."

புத்தகம் அவரிடம்தான் இருந்தது. பட்டியலை என் பக்கம் தள்ளினார்.

"அந்த ஒரு பேரை மட்டும் எடுத்துடு. மத்ததுல கை வெக்காதே."

அன்று மாலையே மந்திரி விஷயமாக மெட்ராஸ் கிளம்பிப் போய்விட்டார். எனக்கு ஆறு நாள் இருந்தது. எங்கள் வீட்டில் என் மனைவியின் முதல் பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் ஓரிக்கையில் மாடு மேய்க்கலாம் என்று அப்பா ஒருமுறை சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. பெரியவர் தினமும் ஒரு நடை வந்து கேட்டுக்கு வெளியே நின்று, பலகை எழுதும் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நான் பின்கேட் வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். திருடன்கூட அப்படிப் போயிருக்க மாட்டான்.

பெயிண்டர் எங்கள் ஓரிக்கைக்காரர்தான். பதினான்கு முடித்துவிட்டு பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அடுத்தது யாருபா?"

"நம்பர் மட்டும் போடுங்கண்ணே. பேரு, தேதி வேணாம். அடுத்த வரியில பதினாறு எழுதிடுங்க."

"வெறும் நம்பரா? பாக்கறவன் என்னைப் பைத்தியக்காரன்னுவான்."

"சேர்மன் உத்தரவு."

அது பொய் இல்லை. ஒரு பெயரை மட்டும் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். மற்றதில் கை வைக்காதே என்றார், வைக்கவில்லை. அவருடைய அப்பா பதினான்கிலும் பதினாறிலும் இருந்தார், நடுவில் வெறும் மரம். பயந்தாங்கொள்ளிக்குக் கிடைக்கிற வீரம் அவ்வளவுதான்.

திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் சேர்மன் வந்தார். பலகையைப் பார்த்தார். பதினைந்தை எடுத்தால் அதற்குக் கீழே உள்ள எண் எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டும், அதற்கு நேரம் இல்லை. என் பக்கம் திரும்பிய அந்தப் பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. அவர் சாமிக்குச் சாத்துகிற அளவுக்குப் பெரிய மாலை ஒன்றை வரவழைத்து, பதினைந்தின்மேல் விழும்படி பலகைக்குக் குறுக்கே தொங்கவிட்டார்.

மந்திரி வந்தார், திரையை இழுத்தார், கைதட்டினார்கள். கடைசி வரிசையில் பெரியவர் வெளுத்த வேட்டியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகத் தேடினார். மாலையில் வந்து பார்வை நின்றது. அவர் முகம் மலர்ந்தது. பூவுக்கு அடியில் தன் பெயர் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். தன் பெயருக்குத்தான் மாலை போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருக்கலாம். மகன் காதில் என்னவோ சொல்லிச் சிரித்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

கூட்டம் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. கூடம் காலியானதும் மெல்ல நடந்து வந்து, இரண்டு கையாலும் மாலையை ஒதுக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்பர் மட்டும் போட்டிருக்கியேபா" என்றார்.

ஒரு வாரத்தில் என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். நிரந்தரம் ஆவது இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. மாலை வாடி உதிர்ந்ததும் ஊர் முழுக்க அந்தக் காலி இடத்தைப் பார்த்தது. இனி அழித்து எழுதினாலும் பேச்சுத்தான் என்று சேர்மனும் விட்டுவிட்டார். டீக்கடையில் பெரியவருக்குப் "பதினஞ்சு" என்று பெயர் வைத்தார்கள். நண்பர்கள் மத்தியில் நான் அந்த இடம் விட்ட கதையை என் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்வேன். அவர்களும் முதுகில் தட்டுவார்கள். பெரியவர் அப்புறம் அந்தக் கட்டடத்துக்குள் காலடி வைக்கவில்லை. வீட்டு வரி கட்டக்கூட மகன்தான் வந்தார்.

எழுபதுகளில் ஒரு நாள் மகன் என் மேசைக்கு வந்தார். தலை மொட்டையடித்திருந்தது. பார்த்ததுமே தெரிந்தது. பதிவேட்டைத் திறந்தேன். பெயர், வயது, தெரு, நோய். அடுத்த கட்டம் தொழில்.

"நெசவு சார்" என்றார்.

எழுதினேன். அடுத்த கட்டத்துக்குப் போக மனம் வரவில்லை. பக்கத்திலேயே "முன்னாள் நகர்மன்றத் தலைவர்" என்று சேர்த்தேன். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டித்தான் தகவல் சொன்னவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அது எங்கள் வழக்கம். படித்தேன். அந்த இடம் வந்ததும் மகன் நிமிர்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் பேனாவை நீட்டினேன்.

"கையெழுத்து போடுங்க. இப்பவே போடுங்க."

போட்டார். அதற்குக் கீழே பதிவாளராக நானும் போட்டேன். பெரியவர் தலைவராக இருந்தார் என்று நகராட்சியின் முத்திரையோடு ஒரு காகிதம் உண்டாயிற்று. அதற்கு அவர் செத்துப்போக வேண்டியிருந்தது.

கொஞ்ச காலத்தில் மன்றம் கலைக்கப்பட்டு, மெட்ராஸிலிருந்து தனி அலுவலர் வந்தார். அவருக்கு ஊரில் யார் அப்பாவும் தெரியாது. பதிவேட்டின் நகலை வைத்து, பலகையில் விடுபட்ட பெயரைச் சேர்க்க அனுமதி கேட்டுக் குறிப்பு எழுதினேன். எதிரில் நின்றேன். அவர் படித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

அதே பெயிண்டர் வந்து ஏணியில் ஏறி எழுதினார். புது எழுத்து மற்றதைவிட வெளுப்பாக இருந்தது. மகனுக்குச் சொல்லியனுப்பினேன். தறியிலிருந்து எழுந்த கோலத்தில் அப்படியே வந்தார். அண்ணாந்து அப்பாவின் பெயரையும் பத்தொன்பது நாள் தேதியையும் படித்தார். அவர் கும்பிடுவார், நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"அப்பா உசுரோட இருக்கச்சொல்ல இந்த ஆபீஸ்ல பேனா இல்லையா சார்?"

பேனா இருந்தது. அத்தனை வருஷமும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.